படிவத்தின் முன் ஒரு தாய்: வன்னியில் பேறுகால மனநலத்தை ஆராய்வது பற்றி

வட இலங்கையின் வன்னியில் கிளினிக் நாளென்றால் காலை எட்டு மணிக்கே வாங்குகள் நிறைந்துவிடும். மடியில் குழந்தை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பிள்ளையின் பதிவேடு, தோள்பைக்குள் திரிபோஷா பைக்கற்றுக்கு ஒதுக்கிய இடம். நிறை பார்த்து, தடுப்பூசி போட்டு முடிய, குடும்பநல உத்தியோகத்தர் ஒரு தாளை நீட்டுகிறார். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், கடந்த ஏழு நாள்களில் மனம் எப்படி இருந்தது என்று புள்ளடி இட வேண்டும். தாளை வாங்கிய தாய் பக்கத்தில் இருக்கும் மாமியாரை ஒருமுறை பார்க்கிறார். பிறகு ஒவ்வொரு கேள்வியிலும் எந்த விடை ‘பிரச்சினை இல்லை’ என்று சொல்கிறதோ அதைத் தேடித் தேடிப் புள்ளடி இடுகிறார். மொத்தப் புள்ளி பூச்சியம்.

இந்தப் பூச்சியத்தை எப்படிப் படிப்பது? போர் கடந்த நிலத்தில் தாய்மாரின் மனநலத்தை ஆராயப் போகிறவருக்கு முதல் சிக்கல் இதுதான். அந்தத் தாய் உண்மையிலேயே நலமாக இருக்கலாம். மாமியாருக்கு அஞ்சியிருக்கலாம். தன் வாழ்நாளில் நிரப்பிய படிவங்களில், உண்மையைச் சொல்லி நன்மை கண்ட படிவம் ஒன்றுகூட அவர் நினைவில் இல்லாதிருக்கலாம். வன்னியைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது காரணத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அளவுகோலைத் திருத்துவதற்கு முன்னால், கேள்வி கேட்பது என்ற செயலுக்கே அந்த மண்ணில் என்ன நேர்ந்தது என்பதை ஆய்வாளர் அறிந்திருக்க வேண்டும். ஷெல் விழுந்த நாள்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், பிள்ளை பெற்றபோது பக்கத்தில் யார் மிஞ்சியிருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது எடின்பரோ பேற்றுப்பின் மனச்சோர்வு அளவுகோல். ஜோன் கொக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவரும் ஸ்கொட்லாந்தில் உருவாக்கி 1987 இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, அதிகபட்சம் 30. அங்கே 84 தாய்மாரிடம் சரிபார்த்து, 13 அல்லது அதற்கு மேல் பெற்றவருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று எல்லைக்கோடு போட்டார்கள். வேலூரில் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்து 2005 இல் வெளிவந்த ஆய்வில் அந்தக் கோடு 9 க்கு இறங்கியது. இலங்கையில் சிங்கள வடிவத்தைச் சரிபார்த்தவர்களும் 9 என்ற இடத்துக்கே வந்தார்கள். ஒரே தாள்தான்; ஆனால் ஸ்கொட்லாந்துத் தாய் 13 புள்ளி வரும்வரை சொல்லிவிடுகிற துயரத்தை எங்கள் பக்கத்துத் தாய் 9 இலேயே அடக்கிக்கொள்கிறார். அடக்கிச் சொல்வது எங்கள் இயல்பு என்று இதை விட்டுவிடலாகாது. அளவுகோல் ஊர் மாறினால் கோடும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தத் தாளில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று கேள்விகளில் முதல் விடை நலத்தையும், மற்ற ஏழில் முதல் விடை கடும் துயரத்தையும் குறிக்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். வாசிக்காமல் மேலிருந்து கீழே முதல் விடைக்கே புள்ளடி இட்டுக்கொண்டு போனால் 21 புள்ளி வரும். ஆகவே பூச்சியம் எடுக்க வேண்டுமென்றால் பத்தையும் வாசித்தே ஆக வேண்டும். மாமியாருக்குப் பக்கத்தில் இருந்து பூச்சியம் எடுத்தவர் ஒவ்வொரு கேள்வியையும் கவனமாக வாசித்தவர். அவர் நமக்குச் சொல்லாதது என்ன என்பதை அவரே நன்றாக அறிவார்.

இனிப் படிவத்தின் கதை. 2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வெளியேறியவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். பெரும்பாலானோரைச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைத்து வைத்தார்கள்; கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற 2012 செப்ரெம்பர் ஆகிவிட்டது. அந்தப் பாதையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பதிவு இருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒரு பதிவு, முகாம் வாசலில் ஒன்று, கூடாரத்துக்கு ஒன்று. புலிகள் இயக்கத்தில் ஒருநாள் இருந்தவரும் பெயர் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தவர்களைத் தனியாகக் கொண்டு போனார்கள். கணவரின் பெயரைத் தானே சொல்லிக் கொடுத்த பெண்கள் இன்றும் அதைச் சொல்லி அழுகிறார்கள். மீள்குடியேறிய பிறகும் படிவங்கள் ஓயவில்லை: நிவாரணத்துக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, வாழ்வாதாரத்துக்கு, படையினரின் குடும்ப விபரத் திரட்டலுக்கு. சில படிவம் கொடுத்தது, சில படிவம் எடுத்தது. எது எதைச் செய்யும் என்று நிரப்புகிற நேரத்தில் தெரியாது.

சுகாதாரத் துறையும் இந்த அச்சத்துக்கு வெளியே நிற்கவில்லை. 2013 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் உரிய விளக்கம் தராமல் தங்கள் கைகளில் கருத்தடை உள்வைப்பைப் பொருத்தியதாகப் பெண்கள் முறையிட்டார்கள். குழந்தைக்கு நிறை பார்க்கிற அதே இடத்தில் கேட்கும் கேள்விகூட ஐயத்துக்குரியதாக மாற இப்படியொரு செய்தி ஊருக்கு ஊர் பரவினாலே போதும்.

ஆகவே வன்னித் தாயின் விடை இரண்டு பக்கமும் சாயக்கூடியது. அச்சமிருந்தால் பூச்சியம். உதவி வரும் என்ற எதிர்பார்ப்பிருந்தால் கூட்டிச் சொல்வது. இரண்டையும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்பவர் யார், அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று கணக்கிட்டு உயிர் தப்பியவர்கள் அவர்கள். அதே கணக்கைத்தான் நம்மிடமும் போடுகிறார்கள்.

வீட்டு வன்முறையை ஆராய்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2001 இல் வெளியிட்ட நெறிகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டும் கேட்பது; தனிமை உறுதியானால் மட்டுமே தொடங்குவது; ஆய்வின் உண்மையான பொருளை ஊரறியச் சொல்லாமல் பொதுவான பெயரில் போவது; உதவி தேவைப்படுபவரை அனுப்ப இடம் ஒன்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைப்பது. கேட்க எளிது. படலைக்கு முன்னால் இலச்சினை பொறித்த வாகனம் வந்து நின்றால் அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வாகனம் போன கையோடு பக்கத்து வீட்டார் வேலியோரம் வந்து “என்ன கேட்டவை?” என்பார்கள். அந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதையும் ஆய்வாளர் முன்கூட்டியே அவரோடு கதைத்து வைக்க வேண்டும்.

அடுத்தது சொல். வேலூர்த் தமிழில் சரிபார்த்த தாளை முல்லைத்தீவில் அப்படியே நீட்டலாமா? எழுத்து ஒன்றுதான், வழக்கு வேறு. தமிழ்நாட்டில் ‘கணவர் உங்களோடு பேசுவாரா’ என்று கேட்டால் அன்பைப் பற்றிய கேள்வி. ஈழத்தில் ‘பேசினவர்’ என்றால் பல வேளை ஏசினார் என்று பொருள். அன்பாகச் செய்வது ‘கதைப்பது’. குடும்ப ஆதரவை அளக்கும் வினாக்கொத்தில் இந்த ஒரு வினைச்சொல் முழு விடையையும் தலைகீழாக்கிவிடும். ‘யோசனை’ தமிழ்நாட்டில் கருத்து, திட்டம். வன்னியில் ‘ஒரே யோசினை’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நித்திரை போய்விட்டது என்று அறியலாம். ‘அந்தரமாய் இருக்குது’ என்ற சொல்லுக்குள் பதற்றமும் தவிப்பும் இருப்புக் கொள்ளாமையும் ஒன்றாக இருக்கின்றன. ‘மனநோய்’ என்ற சொல்லை எடுத்தாலோ “எனக்கென்ன விசரே?” என்ற பதிலோடு கதவு மூடிவிடும்.

உடம்பைப் பற்றிய சிக்கல் இதைவிட ஆழமானது. எடின்பரோ அளவுகோலை ஆக்கியவர்கள் களைப்பு, உடல்நோவு போன்றவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். பிள்ளை பெற்ற எவருக்கும் களைப்பு இருக்கும்; அதை வைத்து நோயைக் கணிக்க முடியாது என்பது அவர்களின் நியாயம். சரியான நியாயம்தான். ஆனால் எங்கள் பெண்கள் துயரத்தை முதலில் உடம்பால் சொல்கிறவர்கள்: நெஞ்சு பதைக்குது, தலை விறைக்குது, கைகால் உளையுது, பால் வத்திப்போச்சு. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தின்ற மனங்கள் உடல்நோவாகவே மருத்துவமனை வாசலுக்கு வருவதைத் தொடர்ந்து எழுதியிருக்கிறார். ‘மனவடு’ என்ற தமிழ்ச் சொல் பரவியதில் அவருடைய எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உடம்பின் மொழியை விலக்கிய ஒரு தாள், உடம்பால் கதைக்கும் ஒருவரைக் கேட்கிறது. ஆகவே, அந்தத் தாயிடம் ‘உடம்புக்கு எப்படி’ என்று தொடங்கும் ஒரு உரையாடல் இல்லாமல் தாள் மட்டும் போதாது என்பது என் முடிபு. கயத்ரி பெர்னாண்டோ இலங்கையர் தாமே சொன்ன கதைகளிலிருந்து குறிகளை எடுத்து ஓர் உளசமூக அளவுகோலை அமைத்தார். பேறுகாலத்துக்கும் அப்படியொன்று தமிழில் தேவை.

எண்களுக்கு வருவோம். போர் முடிந்த கையோடு 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1,517 வீடுகளைத் தெரிவு செய்து ஓர் ஆய்வு நடந்தது. ஃபாரா ஹுசைனும் குழுவினரும் அதை 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனநெருக்கீடு 7.0 விழுக்காடு, பதகளிப்பு 32.6, மனச்சோர்வு 22.2. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் மூன்றும் மற்றவர்களைவிட அதிகம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் இரு பதிற்றாண்டு கழித்த முஸ்லிம் மக்களிடையே சிறிவர்தனவும் குழுவினரும் செய்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான மனநலக் கோளாறுகள் 18.8 விழுக்காடு. இவை எல்லா வயதுவந்தோரையும் பற்றிய எண்கள். தாய்மார் அவற்றுக்குள் கரைந்திருக்கிறார்கள். தாய்மாரை மட்டும் பார்த்தால், வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் கர்ப்பகாலத்தில் 15.6 விழுக்காட்டினருக்கும் பேற்றின் பின் 19.8 விழுக்காட்டினருக்கும் மனநலக் கோளாறு இருப்பதாக ஜேன் ஃபிஷரும் குழுவினரும் 2012 இல் தொகுத்துச் சொன்னார்கள். போர்ப் பிரதேசங்களில் வாழ்வோரில் ஐவரில் ஒருவருக்கு மேல், 22.1 விழுக்காடு, என்பது 2019 இல் லான்செட் சஞ்சிகையில் வந்த கணக்கு.

இந்த விழுக்காடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் ஒரு கேள்வி எழும். போரே நடக்காத ஏழை நாடுகளிலும் ஐந்தில் ஒரு தாய் பேற்றின் பின் துயருறுகிறார் என்றால், போர் என்ன கூட்டியது? குண்டு நேரடியாக மனத்தைத் தாக்கியதா, அல்லது குண்டு சிதைத்துப்போன அன்றாட வாழ்வு தாக்குகிறதா? கென்னத் மில்லரும் அண்ட்ரூ ராஸ்முசனும் 2010 இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் எனக்குப் பெரிதும் உதவியது. போர் அனுபவம் மனத்தைத் தாக்குவதில் கணிசமான பங்கு அன்றாட நெருக்கடிகளின் வழியாகவே நடக்கிறது என்பது அவர்கள் வாதம்: வறுமை, நெருக்கியடித்த இருப்பிடம், தனிமை, வீட்டுக்குள் அடி. பழைய வடுவை ஆற்ற வந்தவர் இன்றைய கடனைக் கேட்காமல் போனால் பாதியைத்தான் பார்த்தவராவார்.

வன்னியில் அந்தக் கடனுக்கு முகமும் நாளும் உண்டு. போர் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கில் கிராமம் கிராமமாக இறங்கின. கடன் பெரும்பாலும் பெண்களின் பெயரில், குழுவாக, கிழமைக்கொரு கட்டு. கட்டுக்காசு எடுக்க வருபவர் வீட்டு முற்றத்தில் வந்து நிற்பார். காசு கிடைக்கும்வரை போக மாட்டார். நிலைமை முற்றி, 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. பச்சைப் பிள்ளையோடு அறைக்குள் ஒளிந்திருந்து, ‘அம்மா வீட்டில் இல்லை’ என்று மூத்த பிள்ளையைச் சொல்லவைத்த ஒரு தாயிடம், கடந்த ஏழு நாள்களில் காரணமின்றிப் பயந்தீர்களா என்று கேட்டால் அவர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். காரணம் இருக்கிறதே.

நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இனி வருவது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பிள்ளை பெற்ற வீட்டுக்கென்று ஒரு மணம் உண்டு. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு எல்லாம் சேர்த்து அம்மியில் வைத்து அரைக்கிற சரக்கின் மணம். அதைக் கரைத்து, தேங்காய்ப்பாலும் மிளகாயும் இல்லாமல் சின்ன மீன் போட்டுக் காய்ச்சினால் பத்தியக் கறி. பால் ஊற வேண்டும் என்று பால்சுறா வறை. வேப்பிலையும் நொச்சியும் பாவட்டையும் போட்டு அவித்த தண்ணீரை இடுப்பில் அடித்து ஊற்றிக் குளிப்பாட்டுவது. இரவில் குழந்தை அழுதால் முதலில் எழும்புகிறவர் தாயின் தாய். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை அந்தப் பெண் அடுப்படிக்குப் போக வேண்டியதில்லை. சீதனமாகப் பெண்ணுக்கே வீடு கொடுக்கிற வழக்கத்தால், மணமான பின்னும் மகள் தாயின் வளவுக்குள்ளேயோ பக்கத்து ஒழுங்கையிலோ இருப்பது எங்கள் பக்கத்தில் பெருவழக்கு. பேறுகாலத்தைத் தாங்கிப்பிடித்த கட்டமைப்பு அதுதான்.

இந்த வழக்கங்களை நான் புனிதப்படுத்தவில்லை. துடக்கு என்ற பெயரில் ஒரு பெண்ணை மூலையில் ஒதுக்கியதும் உண்டு. பத்தியம் என்ற பெயரில் சத்துள்ளதை விலக்கியதும் உண்டு. கணவன் வீட்டார் கட்டாயமாகச் செய்யும்போது அதே சடங்கு காவலாகவும் மாறும். ஆனாலும் முப்பத்தொரு நாள்களுக்கு நான்கைந்து பெண்கள் ஒரு பெண்ணைச் சுற்றி நின்றார்கள் என்பது பெரிய விடயம். இடம்பெயர்வு கலைத்துப்போட்டது அந்த வட்டத்தைத்தான்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளியேறியபோதும், 2009 இல் மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கிக்கொண்டே போன கரையிலும் பெண்கள் பிள்ளை பெற்றார்கள். பங்கருக்குள் பெற்றார்கள். மெனிக் பாமில் பேறுகாலம் கழிந்தவர்கள் அளந்து தருகிற தண்ணீரோடும், தகரமும் தரப்பாளும் கொண்ட கொட்டிலோடும் முதல் மாதத்தைக் கடந்தார்கள். வெளியிலிருக்கும் சொந்தக்காரர் உள்ளே வந்து கூட நிற்க முடியாது. அம்மி இல்லை, அம்மா எந்த வலயத்தில் இருக்கிறார், இருக்கிறாரா என்றே சிலருக்குத் தெரியாது. அகதிகளின் அதிர்ச்சி அனுபவங்களை எண்ண உலகமெங்கும் எடுத்தாளப்படும் ஹார்வர்ட் வினாக்கொத்து 1992 இல் இந்தோசீன அகதிகளுக்காக எழுந்தது. பட்டினி, சித்திரவதை, சிறை, கொலை, பிரிவு எல்லாம் அதன் பட்டியலில் உண்டு, பிள்ளைப்பேறு இல்லை. பிள்ளை பிறந்த முதல் மாதத்தில் உங்களுக்குச் சமைத்துத் தந்தவர் யார்? குளிப்பாட்டியவர் யார்? இரவில் எழும்பியவர் யார்? இந்த மூன்று கேள்விகளையும் பட்டியலில் சேர்ப்பதற்கு ஒரு செலவும் இல்லை. வன்னியில் ஒரு தாயின் மனநிலையை முன்கூட்டிச் சொல்வதில் இவை ஷெல் எண்ணிக்கையோடு போட்டி போடும் என்று நான் எதிர்பார்க்கிறேன். ஆய்வாளர் ஒருவர் சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோள் இது.

படிவத்தின் மேற்பகுதியில் ‘குடியியல் நிலை’ என்று ஒரு கட்டம் இருக்கும்: மணமாகாதவர், மணமானவர், விதவை. 2009 மே 18 இல் வட்டுவாகலில் கணவரைப் படையினரிடம் கையளித்துவிட்டு நின்ற பெண் எந்தக் கட்டத்தில் புள்ளடி இடுவார்? இல்லாமல் போனவர் இறந்தாரா இருக்கிறாரா என்று முடிவு தெரியாத துயரத்தை அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தார். அந்தத் துயரத்துக்குக் காடாத்தும் இல்லை, எட்டுச் செலவும் இல்லை. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைத் தர 2016 இல்தான் இலங்கைச் சட்டம் இடமளித்தது. அப்படிப்பட்ட ஒரு பெண் சில ஆண்டுகள் கழித்து இன்னொருவரோடு வாழத் தொடங்கி மறுபடி கருவுற்றால், அந்தக் கர்ப்பத்தில் மகிழ்ச்சியும் குற்றவுணர்வும் ஊர்ப்பேச்சும் ஒன்றாக வளரும். போரின் இறுதி ஆண்டுகளில் கட்டாய ஆட்சேர்ப்புக்குத் தப்ப பதினைந்து பதினாறு வயதிலேயே மணம் முடித்து வைத்த சிறுமிகளும் இதே கிளினிக் வாங்குகளில் இருந்து எழும்பிப் போனவர்கள்தான். தாய்மார் என்ற ஒரே தலைப்பின்கீழ் இவர்கள் எல்லோரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரியில் யாருடைய முகமும் தெரியாது.

பத்தாவது கேள்வி ஒன்று இருக்கிறது. தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. மற்ற ஒன்பதுக்கும் என்ன விடை வந்தாலும், இதற்கு ‘ஆம்’ என்று வந்தால் அன்றே ஏதாவது செய்தாக வேண்டும். தயா சோமசுந்தரமும் ராஜதுரையும் 1995 இல் வெளியிட்ட ஆய்வு, போர் உக்கிரமாக இருந்த காலத்தில் வடக்கில் தற்கொலை குறைந்திருந்ததைக் காட்டியது. ஷெல்லுக்குத் தப்பி ஓடும்போது மனம் உயிரைப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டம் நின்ற பிறகுதான் கையை விடுகிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அமைதிக்காலத்துத் தாய்மாரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. கேட்டால், விடையைத் தாங்க ஆள் வேண்டும். 2004 கடற்கோளுக்குப் பின் இலங்கை புதிய மனநலக் கொள்கையை 2005 இல் வகுத்து, மாவட்ட மட்டத்தில் மனநலச் சேவையை விரித்தது உண்மை. உலக சுகாதார நிறுவனமே அதை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு குடியிருப்பில் கைக்குழந்தையோடு இருப்பவருக்கு மாவட்ட வைத்தியசாலை என்பது ஒரு முழு நாள், பஸ் காசு, மூத்த பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள். இந்த மூன்றையும் ஒழுங்கு செய்யாத ஆய்வு பத்தாவது கேள்வியைத் தன் தாளிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்தால் அளவுகோல் செல்லாது என்றால் ஆய்வையே ஒத்திவைக்க வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது என்று காட்டியவர் பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் பணியாற்றிய ஆதிஃப் ரஹ்மான். சுகாதாரப் பணியில் இருந்த உள்ளூர்ப் பெண்களுக்கு எளிய பயிற்சி கொடுத்து, கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து தாயின் வீட்டுக்கே அனுப்பினார். 40 யூனியன் கவுன்சில் பகுதிகளில், மனச்சோர்வு இருந்த 903 தாய்மார் ஆய்வில் சேர்ந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்றவர் சென்ற பக்கத்தில் மனச்சோர்வு 23 விழுக்காடாகவும், வழமையான சேவை மட்டும் கிடைத்த பக்கத்தில் 53 விழுக்காடாகவும் இருந்தது. 2008 இல் வெளிவந்த இந்த முடிவைவிட, வீட்டுக்குள் அவர்கள் நுழைந்த விதம் எனக்கு முக்கியம். உனக்கு மனநோய் என்று யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. பிள்ளை நன்றாக வளர வேண்டும், அதற்கு அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்று தொடங்கினார்கள். அந்தப் பேச்சுக்கு மாமியாரும் பாய் விரித்தார்.

வன்னியில் அந்தப் பெண்ணுக்கு நிகரானவர் ஏற்கனவே இருக்கிறார். இலங்கையில் 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையின் வழிவந்தவர் இன்றைய குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளை பிறந்த முதல் பத்து நாள்களுக்குள் இரண்டு தடவை வீட்டுக்குப் போக வேண்டியவர். சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வந்து, தொப்புள் காய்ந்ததா, பால் குடிக்கிறதா என்று பார்த்து, அடுப்படிவரை போய் வரக்கூடிய ஒரே அரச ஊழியர் அவர்தான். தாளை அவர் கையில் கொடுப்பது சரி. கிளினிக் வாங்கில் வைத்துக் கொடுப்பதுதான் தவறு. வீட்டுக் கோடியில், பிள்ளையைத் துடைத்துக் கொண்டிருக்கும்போது, “நீங்கள் சாப்பிட்டனீங்களோ பிள்ளை?” என்று அவர் கேட்டால் பத்துக் கேள்வியும் தானாக அவிழும்.

ஆனால் அவர் யார் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. நாற்பது வயது கடந்த வன்னிக் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் பெரும்பாலும் அதே போரைக் கடந்தவர், அதே முகாமில் இருந்தவர். அவர் கைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு தாளும் அவருடைய சொந்த நினைவைக் கிளறக்கூடியது. ஆய்வு நிதிக் கணக்குகளில் தரவு சேகரிப்பவருக்கு நாட்படியும் போக்குவரத்துச் செலவும் எழுதுகிறோம். கிழமைக்கு ஒருமுறை அவர் இருந்து ஆறுதலாகக் கதைக்க ஒரு மூத்த உளவளத்துணையாளருக்கும் அதே கணக்கில் ஒரு வரி எழுத வேண்டும்.

காலம் இன்னொன்றையும் செய்துகொண்டிருக்கிறது. 2009 இல் முள்ளிவாய்க்கால் மணலில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடிய பத்து வயதுச் சிறுமிக்கு 2025 இல் 26 வயது. இன்று முல்லைத்தீவு கிளினிக் வாங்கில் முதற்பிள்ளையோடு இருப்பவர் அவர்தான். அவருக்கு முகாமும் பதிவும் சிறுபிள்ளை நினைவு. கோயில் திருவிழாவில் வாணம் வெடித்தால் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிவது உடம்பின் நினைவு. அவருக்குச் சரக்கு அரைக்க அம்மா மிஞ்சியிருந்தால், அந்த அம்மா அன்று அவரை இழுத்துக்கொண்டு ஓடியவர். கையில் இருந்த இன்னொரு பிள்ளையை வழியில் விட்டுவந்தவராகவும் இருக்கக்கூடும். முப்பத்தொரு நாள்களுக்கு ஒரே அறையில் இந்த இருவரும் ஒரு குழந்தையும். வாணம் வெடிக்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் குனிகிறார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இதுவரை நாம் நீட்டிய தாளில் பெயர் எழுத ஒரு கோடுதான் இருக்கிறது. அடுத்த ஆய்வைத் திட்டமிடுகிறவர், மகள் புள்ளடி இட்டு முடித்த பிறகு, அம்மியடியில் இருக்கிறவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தி இருந்து அவரிடமும் கேட்க வேண்டும்: நீங்கள் இரவில் நித்திரை கொள்ளுறனீங்களோ, அம்மா?